நாற்பத்தாறாவது வளைவில் ஒரு ஹாரன்

1.6.2025, ஞாயிறு. செம்மேடு

கட்டுரை வந்திருக்கிறது. முதல் பஸ்ஸில் வந்த பேப்பர் கட்டைப் பிரித்ததும் எரிச்சல். நான் வைத்த தலைப்பு 'மலைச்சாலையில் ஒரு ஞாயிறு'. இணைப்பிதழ் ஆசிரியர் ரமேஷ்குமார் போட்டிருப்பது: '70 வளைவு, 38 நிமிடம்!' முப்பத்தொரு வருட வேலையில் நான் ஒரு ஆச்சரியக்குறி போட்டதில்லை.

தலைப்பு போகட்டும். ஒரு பத்தியையே காணோம். இங்கே வண்டி ஓட்டுகிறவர்களின் வழக்கத்தை எழுதியிருந்தேன். இறங்கி வரும் பஸ் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். கீழே வண்டி இருந்தால் பதிலுக்கு ஹாரன் அடித்துவிட்டு வளைவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். பதில் வராவிட்டால் சாலை காலி என்று பொருள். பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பும். வேறு விதமாக அந்த நீளத்தைத் திருப்ப முடியாது. ஏழு வரி. ரமேஷ்குமாரைக் கேட்டேன். "இடம் இல்லைங்க மேடம். அதெல்லாம் மலைக்காரங்களுக்குத் தெரிஞ்சதுதானே?" என்றார். மலைக்காரர்களுக்குத் தெரியும். கட்டுரையை அவர்களா படிக்கப் போகிறார்கள்?

மதியம் முரளி போன். இந்த எழுபது வளைவை வைத்துப் பெயர் சூட்டிய செவன்ட்டி கார் கிளப்பின் செயலாளர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு இருபது பேர் விலையுயர்ந்த கார்களோடு அடிவாரத்தில் காரவள்ளியில் கூடி மேலே வருவார்கள். போன மாதம் அவனோடுதான் வந்தேன். "அக்கா, முப்பத்தெட்டு நிமிசம்னு போட்டு மானத்த வாங்கிட்டீங்களே! காப்பி குடிக்க நின்னதும் அதுலதான் சேர்த்தி. பெங்களூர்க்காரனெல்லாம் சிரிக்கறான்." காப்பிக்கு ஆறு நிமிடம் என்று எழுதியிருந்தேன். அதையும் வெட்டியிருக்கிறார்கள்.

8.6.2025, ஞாயிறு

நேற்று கோவைப் பக்கம் ரேஸ் தடத்தில் கிளப்பின் பந்தய நாள். போயிருந்தேன். பொய் எழுத மாட்டேன்: சந்தோஷமாக இருந்தது. முரளியின் சிவப்பு இரண்டு சீட் காரை எனக்கும் இரண்டு சுற்று கொடுத்தான். இறங்கியபோது சிரித்த வாய் மூடவில்லை. ஐம்பத்தேழு வயதில்!

அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள் நிற்கிறார். எதிரே யாரும் வரப்போவதில்லை. நாள் முழுக்க ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்கவில்லை. குறித்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை, சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன்னால், காப்பிக்கு நிற்காமல் ஒரே ஓட்டமாக மலையேறப் போகிறானாம். "நேரம் நீங்க பார்த்தாத்தான் சரிப்படும். அனுராதாக்கா எழுதுனா ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்." சரி என்றேன். புகழ்ச்சி எனக்குப் பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள்.

15.6.2025, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் எதுவும் விட்டுப்போகாது.

7.20.00 காரவள்ளி. முரளி ஓட்டினான். பக்கத்து சீட்டில் நான். மடியில் நோட்டு, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு வளைவின் எண் பலகையைத் தாண்டும்போதும் நேரம் எழுதினேன். நாற்பதாவதில் முரளி, "முப்பதுக்குள்ள வந்துரும்க்கா" என்றான்.

45 — 7.39.20. மேலிருந்து நீண்ட ஹாரன்.

இது நோட்டில் இருப்பது. மேலே வளப்பூர் நாடு ஊர்களிலிருந்து இறங்கும் பஸ். இரண்டு வருடமாக நான் ஏறி இறங்குகிற பஸ், அதன் ஹாரன் எனக்குத் தெரியும். "பஸ்ஸு" என்று முரளியே சொன்னான். "நிறுத்துனா டைம் போயிரும்." பதில் ஹாரன் அடிக்கவில்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது கண்ணாடி முழுக்க பஸ்.

டிரைவர் கதிர்வேல் பள்ளத்துப் பக்கம் ஒடிக்கவில்லை. பஸ்ஸின் மூக்கை மலைப்பக்கச் சாக்கடையில் இறக்கிவிட்டான். பஸ்ஸின் வாலுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் கிடைத்த சந்தில் கார் நுழைந்து போனது. எங்களுக்கு ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது. அவ்வளவுதான், எங்களுக்கு!

"நிறுத்துடா" என்று கத்தினேன். அப்போது மட்டும் குரல் வந்தது. இரண்டு வளைவு தள்ளி நிறுத்தினான். இறங்கி ஓடினேன். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த ருக்குமணி, வளப்பூர் நாட்டுக்காரர், சந்தைக்குப் பலாக்காய் கொண்டுபோனவர், கம்பியில் மோதித் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தார். கதிர்வேல் தன் துண்டால் அவர் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய வாட்சைப் பார்த்தான்.

"அனுக்கா... நீங்களா?"

16.6.2025, திங்கள்

ஆஸ்பத்திரியில் ருக்குமணி. காறை எலும்பு முறிந்திருக்கிறது. மூன்று மாதம் கையைத் தூக்கக் கூடாது. மிளகுக் கொடி கட்டுகிற காலம் இது.

"டிரைவரு ஹாரன் அடிச்சாருங்க அம்மிணி. எனக்குக் காதே அடைச்சுப் போச்சு. கெடக்கட்டும், எங் காயெல்லாம் என்ன ஆச்சு?"

"ஒண்ணு உடைஞ்சுது. மத்தது கண்டக்டர்கிட்ட பத்திரமா இருக்கு."

"அந்தாளுகிட்டயா? அப்பக் கொட்டைதான் மிஞ்சும் போங்க."

சிரித்தார். சிரித்ததும் வலியில் முகம் சுருங்கியது. நான் அந்தக் காரில் இருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

17.6.2025, செவ்வாய்

கதிர்வேலை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கிளப் ஒரு வீடியோ போட்டிருக்கிறது. முரளியின் காரில் இருந்த கேமரா எடுத்தது. பஸ் எதிர்ப் பக்கத்தில் வருவது தெளிவாகத் தெரிகிறது. கீழே: 'ஹாரன் அடிக்காமல், தவறான பக்கத்தில் வந்த அரசு பஸ். நூலிழையில் தப்பினோம்.' போலீசிலும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். டிரைவர் குடித்திருந்தான் என்று எவனோ துபாயிலிருந்து எழுதுகிறான்.

வீடியோவில் ஹாரன் இல்லை. ஏனென்றால் சத்தத்தை எடுத்துவிட்டு அதன்மேல் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். பாட்டு! ஒரு மனுசனோட சோத்துல மண்ணைப் போடறதுக்குப் பின்னணி இசை!

19.6.2025, வியாழன்

நாமக்கல் போய் முரளியின் பட்டறையில் நின்றேன். பாடி கட்டாத நீள லாரி ஒன்று நின்றிருந்தது. பையன்கள் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வண்டி அந்த வளைவுல உன் பக்கம் வராமத் திரும்புமா? சொல்லு. உங்கப்பா லாரி ஓட்டினவர். நீ பிறந்ததே சேசிஸ் மேல."

"அக்கா, டீ சாப்பிடுங்க."

"திரும்புமா?"

"திரும்பாது." தலை குனிந்து சொன்னான். பிறகு குரலை மாற்றிக்கொண்டான். "அந்தாளுக்கு யூனியன் இருக்குது, எப்படியும் சேர்த்துக்குவாங்க. எனக்கு லைசென்ஸ் போனா கிளப்பே போயிரும். இருபது பேரு என்னை நம்பி இருக்காங்க."

"ஒரிஜினல் வீடியோ எங்க?"

"அழிஞ்சு போச்சுக்கா." எழுந்து நின்றான். "நீங்களும் உள்ளதான் இருந்தீங்க. ஹாரன் உங்களுக்கும் கேட்டுச்சு. 'டேய், பதில் அடிடா'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? மடியில நோட்டை வெச்சுட்டு எழுதிட்டுத்தானே இருந்தீங்க?"

அறையலாம் போலிருந்தது. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

20.6.2025, வெள்ளி

அவன் சொன்னது சரி. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

23.6.2025, திங்கள்

முள்ளுக்குறிச்சியில் கதிர்வேல் வீடு. அவன் மனைவி அம்சவேணி வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "வேடிக்கை பாக்க வந்தீங்களா, இல்ல, இதையும் எழுதறதுக்கா?"

"உள்ள வரட்டும் விடு," என்றான் கதிர்வேல். "வாங்க மேடம்."

மேடம். இரண்டு வருடமாக அனுக்கா.

முப்பதாம் தேதி டெப்போவில் விசாரணை. குற்றம் என்று முடிவானால் மலைப் பஸ் மட்டுமல்ல, வேலையே போகலாம். இருபத்திரண்டு வருடம் இந்த எழுபது வளைவில் ஓட்டியிருக்கிறான், ஒரு கீறல் இல்லாமல். கண்டக்டரும் பயணிகளும் ஹாரன் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயணிகள் உள்ளூர்க்காரர்கள், கண்டக்டர் சக ஊழியர், டிரைவருக்குச் சாதகமாகத்தான் பேசுவார்கள் என்று தள்ளிவிட்டார்களாம்.

"நான் அடிச்சேனுங்க. ரெண்டு நொடி காத்தேன். பதில் வரல. பதில் வரலைன்னா ரோடு காலின்னுதானுங்க அர்த்தம்? உங்களுக்குத் தெரியுமே. முன்சீட்டுல உக்காந்து எங்கிட்டயே கேட்டு எழுதுனீங்க. கீழ அவன்கூட இருந்தது நீங்கன்னு பார்த்ததும்... சரி, வுடுங்க."

"என் நோட்டுல இருக்கு, கதிரு. ஹாரன் சத்தம், நேரத்தோட."

அம்சவேணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப எட்டு நாளா அது எங்க இருந்துச்சுங்க?"

என் பையில் இருந்தது. போலீசுக்குப் போயிருக்கலாம். கேட்டால் தருவோம், கேட்கட்டும் என்று இருந்தேன். யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் இருந்தேன். இதை இங்காவது ஒழுங்காக எழுது.

25.6.2025, புதன்

ரமேஷ்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடந்ததை நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"நம்ம நிருபர் கார்ல இருந்து டைம் பார்த்தாங்கன்னு நம்ம பேப்பர்லயே போடறதா? விளையாடறீங்களா மேடம்? நோட்டைக் கொடுத்தீங்கன்னா நீங்க தனி ஆளு. நாங்க இல்லை."

"நீங்க வெட்டுன ஏழு வரி இருந்திருந்தா—"

"இருந்திருந்தா மட்டும்? அந்த வழக்கம் தெரிஞ்ச நீங்களே சும்மாதானே இருந்தீங்க!"

போனை வைத்தேன். ஒரே அடியை எத்தனை பேர் அடிப்பார்கள்? எத்தனை பேர் அடித்தாலும் அந்த ஏழு வரியை வெட்டியது வெட்டியதுதான்.

28.6.2025, சனி

சேந்தமங்கலத்தில் நோட்டை நகல் எடுத்தேன். கடைக்காரப் பெண் 45-ஆம் வரியைப் பார்த்து, "என்னங்க, ரேஸா?" என்றாள். ஆமாம் என்றேன்.

30.6.2025, திங்கள்

விசாரணை. நீள மேசை, ஒரு மின்விசிறி. விசாரணை அதிகாரி முழுக்கைச் சட்டைக்காரர், அவசரப்படாதவர். வேறு நாளாக இருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். ஓரத்தில் கதிர்வேல் கைகட்டி நின்றான். முரளி அவன் வக்கீலோடு வந்திருந்தான்.

அதிகாரி நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். வளைவு வளைவாக. 45-இல் விரலை வைத்தார்.

"இது அப்பவே எழுதினதா, அப்புறமா?"

"அப்பவே. அடுத்த வரியைப் பாருங்க. 46-க்கு நேரம் இல்லை. பேனா இழுத்துக்கிட்டுப் போயிருக்கு."

அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஹாரன் கேட்டதும் கார் ஓட்டினவர் என்ன சொன்னார்?"

"'நிறுத்துனா டைம் போயிரும்.'"

வக்கீல் எழுந்தார். இவரும் அதற்கு உடந்தை, இவர் பேச்சை எப்படி நம்புவது என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பதில் ஹாரன் அடிக்கணும்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஹாரன் கேட்டதும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"எழுதினேன்."

"சொல்லலை?"

"சொல்லலை."

அதையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். முரளி என்னைப் பார்க்கவில்லை. கதிர்வேல் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

வெளியே வந்ததும் ருக்குமணிக்குப் போன் செய்து, நானும் அந்தக் காரில்தான் இருந்தேன் என்றேன். "இதைச் சொல்ல இத்தனை நாளாச்சா கண்ணு உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

1.7.2025, செவ்வாய்

ரமேஷ்குமாரிடமிருந்து இரண்டு வரி மெயில். இனி நான் எழுத வேண்டியதில்லை. இதிலும் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருக்கலாமே.

18.7.2025, வெள்ளி

முரளி மேல் வழக்குப் பதிந்திருக்கிறார்கள். வீடியோவை எடுத்துவிட்டார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்தது பார்த்ததுதான். கிளப் இனி ஏற்காட்டுக்குப் போகுமாம். ஏற்காட்டில் பஸ் இல்லையா, பாவிகளா?

11.8.2025, திங்கள்

வளப்பூர் நாட்டுப் பஸ்ஸில் கீழே இறங்கினேன். கதிர்வேல்தான் ஓட்டினான். போன வாரம் சேர்த்துக்கொண்டார்கள். முன்சீட்டில் ருக்குமணி, தோளில் கட்டோடு. நான் தயங்கி நின்றதைப் பார்த்து, பக்கத்து இடத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

சோளக்காடு தாண்டும்போது கதிர்வேல் கண்ணாடி வழியாகப் பார்த்தான். "மேடத்துக்கு நல்ல காதுன்னு தீர்ப்புலயே எழுதிட்டாங்க. கீழ ஏதாச்சும் கேட்டாச் சொல்லுங்க, ஏனுங்க? எழுதிட்டு உக்காந்துராதீங்க."

கண்டக்டர் சிரித்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நாற்பத்தாறுக்கு முன்னால் நீளமாக அடித்தான். மழை பெய்திருந்தது, கண்ணாடி முழுக்கப் பனி. கீழே, வளைவுக்கு அந்தப் பக்கம், மெலிதாக ஒரு பதில் ஹாரன் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். கால் ஏற்கெனவே பிரேக்கில் இருந்தது.

"கதிரு, கீழ வண்டி," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.