பதிவுத் தபாலில் போகாத உறை

என் சுமதிக் குட்டிக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. கலஹாப் பள்ளிக்கூடத்தில் உன் ஐந்தாம் வகுப்புக்குப் புது டீச்சர் வந்துவிட்டார். அம்பிட்டியவில் மழை விட்டபாடில்லை. உன் சேலைகள் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கின்றன. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டேன், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் சம்பள லீவு முடியப்போன அந்த வாரம் நினைவிருக்கிறதா? அது முடிவதற்குள் சம்பளமில்லாத மருத்துவ லீவுக்கான விண்ணப்பம் நான் வேலை செய்யும் கல்விக் கந்தோருக்கு வந்து சேரவேண்டும். பிந்தினால், வேலையை விட்டு விலகியதாகக் கடிதம் வரும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவள் நான். நீ விண்ணப்பத்தையும் ஆஸ்பத்திரிச் சான்றிதழையும் உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பப் புறப்பட்டாய்.

"இந்த உடம்போட போய் எதுக்கு வரிசையில நிக்கிற? நான் அங்கதானே வேலை செய்றேன், குடு" என்றேன்.

எல்லாம் பெருமை, சுமதி. அக்கா கந்தோரில் இருக்கும்போது தங்கச்சிக்கு எதற்கு ரசீது என்ற பெருமை. உறை என் கைப்பையின் உள்ளறைக்குள் போனது. அந்த வாரம் இடமாற்றப் பட்டியல் வேலையில் தலைநிமிர நேரமில்லை. நினைவு வந்தபோது உன் லீவு முடிந்து ஆறு நாளாகியிருந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன், அன்றைய திகதியிலேயே முத்திரை விழுந்தது.

விலகல் கடிதம் வந்த அன்று, "யாரு அக்கா பிந்த வச்சது?" என்று கேட்டாய். லீவுப் பிரிவில் இருக்கும் குமாரியின் பெயரைச் சொன்னேன். ஏன் சொன்னேன்?

வேலை போய்விடுமே என்ற பயத்தில் நீ எழுந்து சேலை கட்டினாய். விண்ணப்பத்தை ஏற்கும்வரை, மருந்து ஏற்றிய கையோடு பதினொரு நாள் கலஹா பஸ்ஸில் போய்ப் பள்ளிக்கூட வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தாய். அந்த நாட்களில் படுத்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பாயா? டாக்டர் இல்லை என்கிறார். எனக்கு நம்ப முடியவில்லை.

குமாரி இரண்டு செவ்விளநீரோடு உன்னைப் பார்க்க வந்தாள். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் விண்ணப்பத்துக்காக மேலதிகாரியிடம் மூன்று முறை போய் நின்றவள் அவள்தான். அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை. செவ்விளநீர் கட்டிலடியிலேயே காய்ந்து போனது.

போன வாரம் காலையில், திகன ஊர் முஸ்லிம் அண்ணன் ஒருவர் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டார். டீச்சராக இருக்கும் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற அவசரம் அவருக்கு.

"தங்கச்சி, இந்த லீவுக் கடிதத்த நீங்களே குடுத்துருங்களேன்."

"முடியாது நானா. வாங்க, தபால் கந்தோருக்குப் போவோம்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ரசீது அவர் சட்டைப்பைக்குள் போகும்வரை கூடவே நின்றேன்.

நேற்றுத் தேநீர் வேளையில் குமாரி தன் சிங்களம் கலந்த தமிழில் உன்னைப் பற்றிக் கேட்டாள்: "அக்கே, நங்கிக்கு அன்னைக்கு ஏன் என்னோட கோவம்? நான் என்ன செஞ்ச?" கோப்பையைக் கழுவ எழுந்து போனேன்.

இனி எழுந்து போகமாட்டேன். திங்கட்கிழமை அதே தேநீர் மேசையில், எல்லாருக்கும் முன்னால் அவளிடம் சொல்கிறேன். அவள் கோபப்படட்டும், இனி என்னோடு பேசாமலே இருக்கட்டும். நீ முகத்தைத் திருப்பியிருக்க வேண்டியது என்னிடமிருந்து என்று சொல்வேன்.

உன் கையிலிருந்து அந்த உறையை வாங்கிய,
உன் அக்கா