காணாமல் போன 128 டன்

ஜூன் 9, செவ்வாய்

அம்மா தூங்கிவிட்டாள். இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இதை யாரும் திறக்க மாட்டார்கள், நானே அதிகம் திறப்பதில்லை.

அம்மா இன்று துறைமுக ஆபீசிலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தாள். கிடங்கில் கிடக்கும் பழைய பம்பு இயந்திரத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகப் போகிறார்களாம். அதன் பித்தளைத் தகட்டில் ‘1000 ஸ்லக்’ என்று இருக்கிறது. எத்தனை டன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

“நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, போட்டுக் குடு. நான் போட்டதாச் சொல்லிக்கிறேன்.”

புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் இருந்தது. விசையை வைத்து நிறையைச் சொன்ன காலத்து அளவு, ஒன்று 14.594 கிலோ. பெருக்கினேன். 143.02 டன் என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 11, வியாழன்

புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இருப்பதைப் பார்த்து பெரிய இன்ஜினியர் அம்மாவைப் பாராட்டினாராம். அம்மா எனக்குப் புதுப் பேனா வாங்கித் தந்தாள்.

ஜூன் 17, புதன்

பாலத்தை மூடிவிட்டார்கள். 143 டன் தாங்குவதற்காக அடியில் இரும்புத் தூண் நிறுத்துகிறார்கள். பெரிய வண்டி திரும்புவதற்காக எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள். பள்ளிப் பேருந்து ஊரைச் சுற்றிப் போகிறது. பேருந்தில் எல்லோரும் அந்த இயந்திரத்தைத் திட்டினார்கள். நானும் திட்டினேன்.

ஜூன் 18, வியாழன்

வகுப்பில் மிஸ் சொன்னார்: “நிறை கேட்டா கிலோவோட நிறுத்து. யார் எதைக் கேட்டாலும் புவியீர்ப்புன்னு ஒம்பது புள்ளி எட்டால பெருக்குறீங்களே, அது என்ன வியாதி?”

பேனா கையிலிருந்து விழுந்துவிட்டது. நானும் பெருக்கினேனே. அன்றைக்கு, சீட்டில்.

அது 14.59 டன்தான்.

சொல்லணும். சொன்னா அம்மா வேலை? கையெழுத்து அவளோடதாச்சே. நாளைக்குச் சொல்லிடறேன்.

ஜூன் 19, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூன் 22, திங்கள்

இன்று ஏற்றினார்கள். பதினெட்டு அச்சு வண்டி, இரண்டு கிரேன். இயந்திரம் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்குவது போல எழுந்ததாம். வாசல் எடை மேடையில் வண்டியின் எடை போக 14.6 டன்.

அம்மா இதைச் சொன்னபோது, அப்பாடா, கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இல்லை. பெரிய இன்ஜினியர் சொன்னாராம்: “ஃபைல் தப்பா இருக்காது, கையெழுத்து இருக்கு. மேடையும் போன மாசம்தான் சோதிச்சது. ரெண்டும் சரின்னா, நடுவுல 128 டன் எங்க போச்சு?”

கிடங்குக் காவல்காரரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. என் சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுப்பவர்.

ஜூன் 23, செவ்வாய்

மாமா ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஒப்புக்கொண்டால் வேலை போவதோடு முடிந்துவிடும், போலீஸ் வராது என்றார்களாம். எப்படி எடுத்தாய் என்று கேட்டதற்கு, “சைக்கிள்லதாங்க, கொஞ்சம் கொஞ்சமா” என்றிருக்கிறார்.

அத்தை எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். “அத்தனை இரும்ப வித்த மனுஷன் எனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கித் தரலையே.”

அத்தை போனதும் கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு இருபது கிலோ. மொத்தம் 6,421 தடவை. தினம் ஒரு தடவை என்றால் பதினேழரை வருடம். மாமா அங்கே சேர்ந்து நான்கு வருடம்தான் ஆகிறது.

இதை மூன்று முறை சரிபார்த்தேன். அதை ஒரு முறை பார்த்திருக்கக் கூடாதா?

ஜூன் 24, புதன்

காலையில் அம்மா பின்னல் போடும்போது சொன்னேன். முகம் தெரியாது என்பதால் அப்போது சொன்னேன். சீப்பு நின்றுவிட்டது. அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

“கையெழுத்து என்னுது. நானும் நின்னுக்கறேன், வா.”

ஆபீசில் பெரிய இன்ஜினியர், சரியான எடையையும் சைக்கிள் கணக்கையும் நான் எழுதிக் கொண்டுபோன தாளை இரண்டு முறை படித்தார். “பதினேழரை வருஷம்னா, அந்தாளு இங்க சேர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கானா?”

“சார், மெஷின்ல ஒரு போல்ட்டுகூடக் குறையல” என்றாள் அம்மா.

அவர் பழைய சீட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“புள்ளிக்கப்புறம் ரெண்டு இலக்கம் இருந்துச்சேம்மா” என்றார். சொந்தத்தில் யாரோ இறந்துவிட்டதைப் போல.

ஜூலை 3, வெள்ளி

அம்மாவைப் பழைய ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மின்விசிறி நன்றாக ஓடுகிறதாம். பேனாவை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

மாமா திங்களன்று வேலைக்குத் திரும்பிவிட்டார். இன்று மாலை என் சைக்கிளுக்குக் காற்று அடித்தார். முடித்த பிறகும் போகாமல் நின்றார். அத்தை பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“பாப்பா, கணக்க நல்லாப் பாத்துட்டியா? நான் எடுக்கலதானே?”

“எடுக்கல மாமா.”

தலையை ஆட்டினார். தன் சைக்கிளின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

“கேரியர் கொஞ்சம் வளைஞ்சிருக்கு. அதான் கேட்டேன்.”