லூயிஷாம் சந்தையில் உன் மீன்

மச்சான், உன் மீனைக் கண்டுபிடித்துவிட்டேன்!

சனிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு லூயிஷாம் சந்தைப் பக்கம் நடந்தேன். பழைய சாமான் மேசையொன்றில் கறுத்துப்போன வெள்ளிக் கரண்டி கிடந்தது. பிடியைக் கைலேஞ்சியால் தேய்த்தேன். ஒரு கேடயம். அதற்குள் வாயில் மோதிரம் கவ்விய மீன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன்.

அந்தக் காலத்தில் ஜெர்மனியில், சுவாபியாவில், அகதி முகாமில் இருந்த நம்மை ஊர்த் தேவாலயத்துக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட்டார்களே! உள்ளே அந்த ஊரை ஆண்ட பிரபுக் குடும்பத்தின் கல்லறைகள். ஒவ்வொன்றின் மேலும் குடும்பச் சின்னம் பொறித்த ஒரு மரக் கேடயம், எல்லாவற்றிலும் இதே மீன். கடைசிக் கேடயத்தில் மட்டும் மீன் தலைகீழாகத் தொங்கியது.

"உவங்கள் மாறிக் கொழுவிப்போட்டாங்கள்" என்றாய். நம்மால் சும்மா இருக்க முடியுமா? ஏணி வைத்து ஏறி நிமிர்த்தினோம். பெருமையாகத் துடைத்தும் விட்டோம்.

பாதிரியார் வந்து தலையில் கை வைத்தார். நம்முடைய அரைகுறை ஜெர்மன் மொழிக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஆண் வாரிசு இல்லாமல் ஒருவர் இறந்தால், அவரோடு குடும்பம் முடிந்தது என்று காட்டக் கேடயத்தைக் கவிழ்த்து மாட்டுவது அவர்கள் வழக்கம். அவருக்கு ஒரு மகள் மட்டும் இருந்தாளாம். தூரத்தில் கட்டிக் கொடுத்தார்களாம்.

"மகள் இருந்தவளெல்லோ? பிறகென்னெண்டு முடியும்?" ஏணியை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றாய்.

"முடிஞ்சதெண்டால் முடிஞ்சதுதான். இறங்கு!" உன்னை இழுத்து இறக்கிவிட்டு, ஏறித் திரும்பவும் கவிழ்த்தவன் நான்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் உனக்கு லண்டன் வந்தும் தெளியவில்லை. செவன் கிங்ஸில் குடியேறிய பிறகும் ஓய்வு கிடைத்தால் நூலகத்தில் பிரபுக்களோடுதான் கிடந்தாய். வகுப்பு வேறு எடுப்பாய்: "கலியாணம் கட்டினால் ரெண்டு குடும்பத்தின்ர கேடயமும் பக்கத்தில பக்கத்தில நிக்கும். பிள்ளையள் தாயின்ர சின்னத்தையும் எடுத்தால்தான் ஒரே கேடயம் நாலாப் பிரியும்." எத்தனை புத்தகம் புரட்டியும் அந்த மகளின் பிள்ளைகள் அகப்படவில்லை. நான் உன்னைக் கிண்டலடித்தே காலத்தைக் கழித்தேன்.

உனக்கும் ஒரே மகள். "பொடியன் இல்லையே" என்று யாராவது இரக்கப்பட்டால், "எனக்கு மீன் இருக்கு" என்பாய். என்னைத் தவிர ஒருவருக்கும் அது விளங்காது.

அப்படி விளங்கிய நான்தான், உன் செத்தவீட்டில், கொள்ளி வைக்க உன் அக்காவின் மகனைக் கூப்பிட்டபோது பேசாமல் நின்றேன். "மாமா, நான் செய்யட்டே?" என்று உன் மகள் என்னிடம் கேட்டாள். நான் நிலத்தைப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

இப்போது கேள். கரண்டியில் கேடயம் நாலாகப் பிரிந்திருக்கிறது! இரண்டு அறைகளில் யாருடையதோ கோபுரம். இரண்டில் நம் மீன், நிமிர்ந்த மீன். அவளுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள், தாயின் மீனை விடாமல் சாப்பாட்டு மேசைவரை கொண்டுவந்திருக்கிறார்கள்! நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் பயந்துபோனார்.

கரண்டியை வாங்கிக்கொண்டு ரயில் மாறி மாறி நேரே செவன் கிங்ஸுக்குப் போனேன். உன் மகள் கதவைத் திறந்தாள். கரண்டியை நீட்டினேன். அவள் தானே பிடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"நாலாப் பிரிஞ்சிருக்கு, மாமா! அப்பா வாஸ் ரைட்!" என்று கத்தினாள். அவளுக்கும் வகுப்பெடுத்திருக்கிறாய், கள்ளன்.

அடுத்த மாதம் உன் ஆண்டுத் திவசம். உன் அக்காவுக்கு நானே போன் எடுத்தேன். "இந்த முறை பிள்ளைதான் செய்யும்" என்றேன்.

"வழக்கமில்லையே, தம்பி" என்றார்.

"தெரியும் அக்கா. ஆனாப் பிள்ளைதான் செய்யும்."

கரண்டி அவளிடமே இருக்கிறது. எனக்கு அந்த ஏணியின் நினைவு போதும். நீ நிமிர்த்தியதை அன்று ஒருமுறை கவிழ்த்தேன். உன் செத்தவீட்டில் பேசாமல் நின்று மறுபடியும் கவிழ்த்தேன். இனிக் கவிழ்க்க என் கை போகாது.