கெண்டைக் குஞ்சுகளுக்கு ஒரு வாய்

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே சுடலைமணியின் போன். இடுக்கியில் தேயிலை எஸ்டேட் தொழிலாளி. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்கள் சேர்ந்து அங்கே ஒரு குளத்தில் மீன் வளர்க்கின்றன. நேற்று நான் அனுப்பிய கெண்டைக் குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டனவாம்.

“பையப் பிரிச்சா எல்லாம் மல்லாந்து கெடக்கு சார். இன்னொரு வாட்டி இப்படின்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்.”

வேற ஆள்! விலங்கியலில் எம்.எஸ்சி. படித்துவிட்டு எலப்புள்ளியில் மீன்குஞ்சு விற்பவன் நான் ஒருவன்தான். அது யாருக்குப் பொருட்டு? வண்டிக்காரன் ஷிஜு வழியில் எங்காவது வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். இனி அவன் வண்டி வேண்டாம்.

ஜூலை 4

சுடலைமணி அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பைத் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது. அடியில் கழிவு. அப்படியானால் தின்றிருக்கின்றன. எப்படி? முந்தின நாள் முழுக்கக் குளத்து வலைக்கூண்டில் விட்டு, தீவனம் போடாமல் வயிற்றைக் காலியாக்கித்தானே பையில் அடைத்தேன்?

யார் போட்டது?

ஜூலை 8, செவ்வாய்

செத்ததற்கு ஈடாக இன்னொரு முறை அனுப்பச் சுடலைமணி சம்மதித்திருக்கிறார். கடைசி வாய்ப்பு.

இன்று கொஞ்சம் குஞ்சுகளைக் கூண்டில் விட்டுவிட்டு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. சோறு, தவிடு. கைப்பிடி கைப்பிடியாக.

அண்ணன் பூபதிராஜா.

எட்டு வருடமாகப் பேச்சில்லை. பாகம் பிரித்தபோது, “படிச்சவனுக்குப் படிப்பே பங்கு” என்று பெரியவர்கள் முன்னால் சொல்லி, கிணற்றுப் பக்கத்தை எடுத்துக்கொண்ட மனிதர். இப்போது என் மீனையும் கொல்கிறார். வேண்டுமென்றேதான். வேறென்ன?

ஜூலை 9

மனைவி செல்வப்பிரியாவிடம் சொல்லி அனுப்பினேன், இனி கை நீட்ட வேண்டாம் என்று. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

“அத்தன தூரம் மலையேறிப் போற சீவனுங்களுக்கு ஒரு வாய் போட்டு அனுப்பத் தெரியலையாமா, பெரிய படிப்புப் படிச்சவனுக்கு. மாமா அப்படித்தானுங்க சொல்றாரு.”

இதில் இவளுக்கு என்ன சிரிப்பு?

ஜூலை 10

கூண்டை மறுகரைக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கே ஆழமில்லை, தண்ணீர் சுடுகிறது. திரும்பப் பழைய இடத்துக்கே.

ஜூலை 14, திங்கள்

நாளை பட்டினி போட வேண்டும். நாளை மறுநாள் வண்டி. மேலே வலை போட்டு மூடினால் வலைக் கண் வழியாகப் போடுவார். அவரை எனக்குத் தெரியாதா?

வேறு வழியில்லாமல் வேலியோரம் போனேன். அவர் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“மீனுக்குச் சோறு போடாதீங்க.”

எட்டு வருடத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் வார்த்தை. நிமிர்ந்தார். மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் பாடம் நடத்தினேன் — தின்றால் கழியும், கட்டிய பைக்குள் தண்ணீர் மாறாது, தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்துப் போகும், ஒரு நாள் பட்டினி அதுகளை ஒன்றும் செய்யாது.

அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப, அன்னைக்குச் செத்தது என்னாலயா?”

ஆமாம் என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ?

“இதை முன்னாலயே வந்து சொல்றதுக்கென்னடா?”

“நம்ம பேசறதில்லையே.”

“நீ பேசறதில்லை.”

ஜூலை 16, புதன்

வேறு எவனும் இத்தனை பக்குவமாக மலையேற்ற மாட்டான் என்று ஷிஜுவையே கூப்பிட வேண்டியதாயிற்று. பைகளில் ஆக்சிஜன் அடைத்துக் கட்டி ஏற்றினோம்.

“சாரே, இந்தத் தடவை செத்தா யாரை ஏசுவீங்க? இப்பவே சொல்லிட்டா காதைப் பொத்திக்குவேன்.”

வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் சத்தமாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 17

“ஏழெட்டுத்தான் சார் போச்சு. மத்ததெல்லாம் துள்ளிக்கிட்டுத் திரியுது. பைய அப்படியே கொளத்துல மெதக்க விட்டு, தண்ணி பழகினப்புறந்தான் தொறந்தோம், நீங்க சொன்ன மாதிரியே.” சுடலைமணி. அடுத்த மாதத்துக்கும் கேட்கிறார்.

அந்தப் பக்கம் சொல்லிவிடு என்று செல்வப்பிரியாவைக் கூப்பிட்டேன். “அடுப்புல வேலை கெடக்குதுங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

கிணற்றுப் பக்கத்தை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

காபி கொடுத்தார்கள். சர்க்கரை அதிகம்.