வடக்குத் தீவுக்கு இரண்டு டிக்கெட்

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே சலவைக்கூடத்தில் அடுத்த மாதத்துக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள். வடக்கே ஒரு தீவில் குளிர்காலத்தில் வானமே பச்சையாக ஒளிருமாம், பார்த்துவிடலாமென்று டிராவல்ஸுக்குப் போனேன். "எத்தனை பேரு?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண். கல்யாணமானதிலிருந்து எல்லாக் கவுண்டரிலும் சொல்லிப் பழகிய வாய், "ரெண்டு பேரு" என்று சொல்லிவிட்டது. கப்பல் டிக்கெட் கைக்கு வந்தபிறகுதான் நீ அங்கே ஊரில் இருப்பது உறைத்தது.

"மறை கழண்டுபோச்சா? ஒண்ணை கேன்சல் பண்ணுய்யா" என்று சிரித்தான் இஸ்திரி போடுகிறவன். பண்ணவில்லை.

பீரோ மேல்தட்டில் இருக்கும் என் குரங்குக் குல்லாயை அனுப்பு. கூடவே உன் பழைய சால்வையையும் வை. எதற்கென்று கேட்காதே.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. கப்பலில் ஜன்னலோரத்துக்கு இந்த முறை சண்டை வேண்டாம். அது உனக்குத்தான், நான் இந்தப் பக்கமே உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்