ஐயர் எடுத்த சுருதி

1953 நவம்பர் 11, புதன்

விடியலிலிருந்து தூறல். திருவொற்றியூர் சாலை முழுக்கச் சேறு. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், விளக்குத் திரி, வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

வேதக்கோயிலுக்குப் புதிதாக வந்த போதகர் ஐயர் கூப்பிட்டனுப்பினார். பெண்பிள்ளை முன்னால் நின்று கீர்த்தனை எடுத்துக் கொடுப்பது முறையில்லையாம். ஞாயிறிலிருந்து அவரே எடுப்பாராம். பன்னிரண்டு வருஷமாக நான்தான் எடுக்கிறேன். ஆர்மோனியத்தை எலி கடித்த பிறகு, ஞாயிறும் தவறாமல் ஊதும் எட்டு மணி ஆலைச் சங்கோடு முனகிச் சுருதி பிடித்து, அதை விடாமல் கோயில்வரை கொண்டுபோகிறேன். இவரோ சுருதி வீசை என்ன விலை என்று கேட்கிறவர். சரிங்க ஐயா என்று வந்துவிட்டேன். வீட்டில் பாத்திரத்தை உடைக்காத குறை.

நவம்பர் 12, வியாழன்

மழை விட்டது. தேவசகாயம் வந்தான். பாடகர் குழுவில் கட்டைக்குரல், தீப்பெட்டி ஆலையில் வேலை. விஷயம் அவன் காதுக்கு எட்டிவிட்டது.

"நீ கம்முனு குந்திகினு இரு டீச்சரம்மா. ஐயரு பாட்டெடுக்கட்டும். நாங்க ஒர்த்தரும் வாயத் தொறக்க மாட்டோம்."

குழு மொத்தமும் சம்மதமாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 13, வெள்ளி

ஓய்வுநாள் பாடசாலைக்குப் பாடம் தயார் செய்தேன். தேவன் ஏற்படுத்திய தலைவர்களை மதிப்பது. நான் தேர்ந்தெடுத்ததல்ல, பாடப்புத்தகத்தில் இந்த வாரத்துக்கு வந்தது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா குகையில் கைக்குள் அகப்பட்டும் தாவீது தொடவில்லை. சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே மனது அடித்துக்கொண்டதாம். எனக்கு அடித்துக்கொள்ளவில்லை. ஞாயிறு எப்போது வரும் என்றிருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

தேவசகாயம் சொன்னதை வீட்டில் அவரிடம் சொன்னேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சோற்றைப் பிசைந்துகொண்டே:

"கீழ நின்னு கை காட்ற மேஸ்திரி எனக்கு ஆகாதவன். அதுக்காவ மூட்டையத் தொப்புனு வுட்ற முடியுமா? அடியில ஆளுங்க கீறாங்க."

அவ்வளவுதான். மோர் கேட்டார்.

நவம்பர் 14, சனி

தேவசகாயம் வீட்டுக்கே போய் வேண்டாம் என்றேன். உனக்காகத்தானே செய்கிறோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட்கமாட்டான். வழியெல்லாம் என்மேலேயே கோபம். வியாழனன்றே சொல்லியிருக்கலாம்.

முடிவு. ஐயர் எதை எடுத்தாலும் கூடப் பாடுவேன். அவர் செய்தது தப்பு, அதையும் சொல்வேன். நேரே, தனியாக.

நவம்பர் 15, ஞாயிறு

வெயில். கோயில் நிறைய ஜனம். ஐயர் எடுத்தார், எட்டாத உச்சத்தில். இரண்டாம் அடியிலேயே குரல் பிசிறியது. குழு வாய் திறக்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐயர் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். வியாழனும் வெள்ளியும் நான் ஆசைப்பட்டதுதான். பார்க்க முடியவில்லை.

என் இடத்திலேயே எழுந்து அதே உச்சத்தில் பிடித்தேன். இறக்கவில்லை. இறக்கினால் அவர் எடுத்தது தப்பென்று சபைக்கே சொன்னதாகும். மூன்றாம் சரணத்தில் தொண்டை கீறிவிட்டது. தேவசகாயம் என்னை முறைத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சேர்ந்து பாடினான். அவன் பின்னால் மற்றவர்களும்.

நவம்பர் 16, திங்கள்

குரல் சுத்தமாக இல்லை. உப்பு வெந்நீர் இரண்டு வேளை. பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதியே பாடம்.

சாயங்காலம் சிலேட்டோடு ஐயர் வீட்டுக்குப் போனேன். எழுதிக் காட்டினேன்: ஐயா, என்னை நிறுத்தியது தப்பு. எட்டு மணிச் சங்கோடு முனகிப் பாருங்கள், அதுதான் என் சுருதி. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

சிலேட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சங்கு ஊதும்போது நீங்களும் கூட நில்லுங்கள் டீச்சர், எனக்குத் தனியாகப் பிடிபடாது என்றார்.

குரல் வரட்டும் என்று எழுதினேன்.