குறை சொல்லி வாங்கிய கார்

786

எஹலியகொட,
17.08.2003

அன்பு மகன் இன்ஷாபுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் இருக்கிறோம், உம்மாவுக்கு முழங்காலில் மட்டும்தான் சுகமில்லை, எனக்கு வாயில் மட்டும்தான் சுகமில்லை, இந்தக் கடிதம் அந்த வாயைப் பற்றியதுதான். கத்தாரில் வெயில் கொளுத்துகிறதாமே, தலையில் ஒரு துணி போடாமல் வெளியே இறங்காதே மகன், தண்ணீர் நிறையக் குடி. போன கிழமை டெலிபோனில் கார் எடுத்தீங்களா வாப்பா என்று கேட்டாய், எடுத்தோம் என்றேன், எவ்வளவு குறைச்சீங்க என்று கேட்டாய், அந்த நேரம் பார்த்து உன்னுடைய கார்ட் முடிந்து லைன் அறுந்தது, நானும் அல்ஹம்துலில்லாஹ் என்று ரிசீவரை வைத்தேன். உம்மா விடுகிறாளா? நடந்தத நடந்த மாதிரியே மகனுக்கு எழுதுங்க, இல்லாட்டி நான் முக்தார்ட சொல்லி அனுப்புவேன் என்கிறாள். பக்கத்துக் கடை முக்தார் வியாழக்கிழமை டோஹா வருகிறார், அவர் வாயில் இந்தக் கதை போனால் பிளேன் இறங்கும் முன்னே இரண்டு மடங்காகிவிடும், அதனால் என் மானத்தை நானே என் கையால் வாங்கிக்கொள்கிறேன்.

நீ கார் எடுக்கக் காசு அனுப்பினது உம்மா மாவனல்லைக்குப் போய்த் தங்கச்சியைப் பார்த்து வரத்தான் என்பது எனக்கு மறக்கவில்லை. ஸுபைதா சாச்சிக்குப் பாரிசவாதம் வந்து படுத்ததிலிருந்து பேச்சு இழுத்து இழுத்துத்தான் வருகிறது, டெலிபோனில் உம்மாவிடம் ராத்தா எப்ப வாற என்று அந்த ஒரு கேள்வியை மட்டும்தான் கேட்கிறாள், உம்மாவும் வாறன் வாறன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுவாள். பஸ்ஸில் ஏற முழங்கால் விடாது. ஒரு தடவை வாடகைக்குப் பிடித்த ஹயர் வேனில் கூட்டிக்கொண்டு போனேன், தேத்தண்ணி ஆறுவதற்குள்ளேயே டிரைவர் வெளியில் நின்று ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டான், இனி என்னைய அப்படிக் கூட்டிப் போக வேணாம் என்று உம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொந்தமாக ஒரு கார் இருந்தால் பொழுதுபடும்வரை இருந்துவிட்டு வரலாம் என்பதுதான் அவளுடைய ஆசை.

உன் வாப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும். இந்தப் பசாரில், பாலை உறைய வைத்துத் தட்டிக் கொண்டு வருகிற றப்பர் சீட்டை வாங்குகிறவர்களில் என்னைப் போல விலை பேசுகிற ஆள் கிடையாது என்று ஊரே சொல்கிறது, ஊர் சொல்லாத நேரத்தில் நானே சொல்வேன். சீட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிப்பேன், குமிழி இருக்குது என்பேன், புகை பிடிச்சது போதாது என்பேன், ஓரத்தில் பூஞ்சணம் என்பேன், கொண்டு வந்தவருக்குத் தன்னுடைய சீட்டிலேயே வெறுப்பு வந்த பிறகுதான் தராசில் போடுவேன். அந்தக் கையோடுதான் கார் எடுக்கவும் கிளம்பினேன். ஷோரூம்காரன் விலையைக் குறைத்துவிட்டு வாசல்வரை வந்து சலாம் போடாவிட்டால் என் பெயர் ஸம்சுதீன் இல்லை என்று பசார் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். நம்முடைய லொறி டிரைவர் பளீலையும் கூட்டிக்கொண்டேன், கார் சீட்டில் உட்கார முழங்கால் மடங்குமா என்று பார்க்க வேண்டுமென்று உம்மாவையும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு திரீவீலில் ஏற்றி இரத்தினபுரிக்குக் கொண்டு போனேன். என் திறமையை உம்மா ஒரு நாளாவது கண்ணால் பார்க்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இத்தனை வருஷத்தில் அவள் கடைப்பக்கம் வந்து நான் விலை பேசிப் பார்த்ததே இல்லை. வினை அங்கேதான் இருந்தது.

ஷோரூமில் கழுத்தில் டை கட்டின ஒரு பொடியன் வந்தான், நல்ல மரியாதை, வாங்க மொதலாளி, உக்காருங்கம்மா என்று கதிரை போட்டான். ஒரு சின்னக் காரைக் காட்டினான், வெள்ளை நிறம். உம்மா மெதுவாக முன் சீட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்தாள், முழங்கால் நோகாமல் மடங்கியது, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், சாச்சி விழுந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை மகன். அந்த நிமிஷமே இந்தக் கார்தான் என்று மனதில் விழுந்துவிட்டது. ஒரு சாமான் மனதில் விழுந்தால் என் வாய் சும்மா இருக்காதே. பெயின்டில் கண்ணை ஒட்டி வைத்து வெளிச்சத்துக்குப் பார்த்துவிட்டு, குமிழி இருக்குதே தம்பி என்றேன். கதவைச் சாத்திப் பார்த்து, இது கதவா பிஸ்கட் டின் மூடியா என்று கேட்டேன். பொனட்டைத் தட்டி, தகரம் மெல்லிசு, ஆடு முட்டினாலும் நெளியும் என்றேன். பொடியன் கோபப்படவே இல்லை, ஆமாங்க மொதலாளி, சொல்லுங்க மொதலாளி என்று சிரித்துக்கொண்டே நின்றான். சிரிக்கிறானே, இன்னும் உறைக்கவில்லை என்று எனக்கும் வேகம் ஏறிவிட்டது. இந்த இஞ்சின் கேகாலை மேட்டுல பாதியிலேயே மூச்சு விட்டுரும், இந்த பிரேக்க நம்பி இறக்கத்துல இறங்கினா நேரா மையவாடிக்குத்தான், குழி வெட்டி வைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டேன். பளீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தான், நான் கவனிக்கவில்லை. அடுத்தது என் கடைசி ஆயுதம், அதுதான் உனக்குத் தெரியுமே, வேணாம் வாங்க போவோம் என்று சட்டென்று திரும்பி வாசலுக்கு நடப்பது. நாலு எட்டு வைப்பதற்குள் எவனும் கூப்பிட்டுவிடுவான். அப்படியே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் காருக்குள் உம்மாவைக் காணவில்லை.

உம்மா அந்த மையவாடிப் பேச்சிலேயே இறங்கி, எனக்கு முன்னாலேயே வாசலைத் தாண்டிவிட்டாள் மகன்! நான் பொய்க்குக் கிளம்பினேன், அவள் மெய்யாகவே கிளம்பிவிட்டாள். நோகிற காலை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் போய் நின்று திரீவீலுக்குக் கை காட்டுகிறாள். ஓடிப் போய் என்ன இது என்று கேட்டேன். நல்ல வேளை நீங்க பார்த்துச் சொன்னீங்க, மையவாடிக்குப் போற காருல ஏறியா தங்கச்சியப் பார்க்கப் போற, வேணாம், அவள நான் மறுமையில பார்த்துக்கொள்றேன் என்றாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. ஆஹா, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஏமாற்ற நினைத்த ஆள் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறான், நம்பக் கூடாத ஆள் ஒரு சொல் விடாமல் நம்பிவிட்டாள்.

இல்ல புள்ள, அது நல்ல கார் என்றேன். எங்க நல்லது, சொல்லுங்க பார்ப்போம் என்று ரோட்டிலேயே நின்று கேட்டாள். மகன், அல்லாஹ் மேல் ஆணை, எனக்கு வாய் வரவில்லை. குறை சொல்லச் சொன்னால் விடியும்வரை சொல்வேன், ஒன்றை நல்லது என்று சொல்ல எனக்குப் பழக்கமில்லையே. சக்கரம் நாலும் வட்டமா இருக்குது என்றேன். பிறகு யோசித்து, கதவெல்லாம் பூட்டுது என்றேன். பளீல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். உம்மா அசையவில்லை, இத்தன வருஷத்துல நீங்க ஒரு சாமான நல்லதுன்டு சொல்லி நான் கேட்டதில்ல, இன்டைக்குச் சொன்னா எப்படி நம்புற என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அந்த நேரம் டை கட்டின பொடியன் பின்னாலேயே வந்துவிட்டான். என்னைய அடையாளம் தெரியலீங்களா மொதலாளி, நான் செல்லையா மகன் தினேஷ் என்றான். நம்முடைய செல்லையாதான், தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்து குத்தகைக் காணியில் றப்பர் பால் வெட்டி நமக்குச் சீட் கொண்டு வருகிறவர். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. தினேஷ் உம்மாவிடம் போய், அம்மா பயப்படாதீங்க, எங்கப்பா வீட்ல சொல்வாரு, மொதலாளி கொஞ்சமா கொறை சொன்னா சுமாரான சீட்டு, ரொம்பத் திட்டினாருன்னா அன்னைக்கு மொதல் தரமான சீட்டு, அன்னைக்கு வெலைய விட்றாதன்னு, இந்தக் கார அவரு திட்டுன திட்டுக்கு இது எங்க ஷோரூம்லயே நல்ல காருங்கம்மா என்றான். அட செல்லையா! இத்தனை வருஷம் நான் அவரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, என் வாயையே தராசாக வைத்து அந்த மனிதர் விலை பேசியிருக்கிறார்.

 உம்மா என் முகத்தைப் பார்த்து, அப்ப என்ட ஆணத்துல நாளாந்தம் உப்புக் கூட, புளி குறையன்டு சொல்றீங்களே, அதுவும் இப்படித்தானா என்று கேட்டாள். நடுரோட்டில், பஸ்ஸும் லொறியும் போகிற இடத்தில், பளீலும் தினேஷும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? உண்மையும் அதுதானே. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்து போய்க் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

விலை எவ்வளவு குறைந்தது என்றுதானே கேட்டாய். மேசைக்குப் போனதும் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தேன், உம்மா காருக்குள் இருந்தபடியே, நல்ல கார்ன்டு நீங்களே சொல்லிட்டீங்க, இனி எந்த முகத்தோட குறைக்கக் கேட்கிற என்றாள். ஒரு சதமும் குறையவில்லை மகன். தினேஷ் பாவப்பட்டு மேனேஜரிடம் கேட்டுக் கால் வைக்கிற றப்பர் விரிப்பு நாலு தந்தான். எஹலியகொட றப்பர் முதலாளிக்கு றப்பரிலேயே டிஸ்கவுண்ட்! பசாரில் என்ன கேட்டாலும் இப்போது நான் இருமிக்கொண்டு வேறு பக்கம் போகிறேன்.

அடுத்த நாள் காலையிலேயே மாவனல்லைக்குப் போனோம், பளீல்தான் ஓட்டினான், மேடெல்லாம் நன்றாக ஏறியது, பிரேக்கும் பிடித்தது. சாச்சி உம்மாவைக் கண்டதும் நல்ல கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், மெலிஞ்சிட்டீங்க ராத்தா என்று சொல்லி முடிக்க எவ்வளவோ நேரம் எடுத்தது, உம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உம்மாவே சோறு ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அஸர் தொழுதுவிட்டுத்தான் கிளம்பினோம், இனி மாசத்துக்கு ஒரு தடவை வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது ருவன்வெல்லை தாண்டினதும் உம்மா பேசத் தொடங்கினாள். மகனையும் எந்த நேரமும் குறைதானே சொல்றீங்க, காசு அனுப்பினா ஏன் இவ்வளவு பிந்தினன்டு கேட்டீங்க, சுப்பர்வைசர் ஆக்கினாங்கன்டு அவன் சந்தோஷத்துல சொல்ல, இனி இரட்டை வேல வாங்குவாங்கன்டு சொன்னீங்க, அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் எப்படி விளங்கும், அவனுக்குப் பக்கத்துல நின்டு சொல்லிக் குடுக்க அங்க தினேஷா இருக்கான் என்று கேட்டாள். பளீல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். 

மகன், தரமில்லாத கூடாத சீட்டை நான் குறை சொல்வதில்லை, ஒரு சொல்லும் பேசாமல் திருப்பித் தள்ளிவிடுவேன், கடையில் நின்ற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார். உன்னைப் பற்றி நான் பேசாமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை. நீ நல்ல பிள்ளை. உன்னால்தான் உம்மா அவளுடைய தங்கச்சியின் தலையை வாரிவிட்டாள். இந்த இரண்டு வரியையும் எழுதி எழுதி வெட்டினேன், இப்போது உம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள், இனி வெட்ட ஏலாது, அப்படியே இருக்கட்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் ஹலாலான பரக்கத்தையும் தர உம்மாவும் நானும் ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். முக்தாரிடம் மாசிச் சம்பல் ஒரு போத்தல் தந்திருக்கிறது, போத்தலைக் கழுவித் திருப்பி அனுப்ப வேண்டுமாம், உம்மா சொல்கிறாள். தொழுகையை விடாதே. இன்னும் ஒன்று, உன்னுடைய போன கடிதத்தில் கையெழுத்தா அது, கோழி கிளறின மாதிரி, ஒரு பக்கத்தை வாசிக்க எனக்கு ஒரு பகல் போனது, அதுவும் ஒரே ஒரு பக்கம்தான் எழுதியிருந்தாய்.

உன் வாப்பா,
எம். ஸம்சுதீன்